திரையிலே கண்ட கடற்கொள்ளைக்காரரும் ஏட்டிலே இருக்கும் கடற்கொள்ளைக்காரரும்

(சங்க மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தேவாரமும் புராணபடனமும் ஒலிக்கின்ற இம்மண்டபத்திலே கடற்கொள்ளைக்காரரைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்கள் சிலர் தமக்குள் நகைப்பது எமக்குத் தெரிகிறது. பழி எம்முடையதன்று. இளைஞர் பிரிவினரின் விவாத அரங்கிலே நடந்த ஒரு சம்பவமே இந்தத் தலைப்பை எமக்குத் தேடித் தந்தது.

“சட்டமில்லாத இடத்தில் சமத்துவம் நிலைக்குமா?” என்பது அன்றைய பொருள். நிலைக்கும் என்று வாதித்த தம்பி ஒருவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பகாமாத் தீவுகளிலே நசோ என்னும் துறைமுகத்தில் கடற்கொள்ளைக்காரர் ஒரு குடியரசே நடத்தினர் என்றார். கொள்ளைப் பொருள் அங்கே பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது, தலைவன் வாக்கினால் தெரிவு செய்யப்பட்டான், கறுப்பரும் பெண்களும் வெள்ளை ஆடவருக்கு நிகராக இருந்தனர் என்று அடுக்கினார். ஆதாரம் யாது என்று கேட்கப்பட்டது. தொலைக்காட்சித் தொடரொன்றின் பெயரைச் சொன்னார். சபையிலிருந்த முதியவர் ஒருவர், “அது படம் தம்பி!” என்று உரத்துச் சொல்லிச் சிரித்தார். அதற்கு அந்தத் தம்பி சொன்ன மறுமொழிதான் எம்மை இன்று இங்கே நிறுத்தியிருக்கிறது. “ஐயா, படத்திலே பேராசிரியர்கள் வந்து சொன்னார்களே! அவர்களும் நடிகர்களா?”

அன்று தலைமை வகித்தவர் நாமே. எம்மிடம் விடை இருக்கவில்லை. மணியை அடித்து நேரம் முடிந்தது என்று சொல்லித் தப்பினோம். பின்னர் அத்தொடரையும் பார்த்தோம். அதற்குப் பின்னால் நிற்கும் ஏடுகளையும் இயன்றவரை புரட்டினோம்.

தொடர் நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2021 ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆறு பாகங்களைக் கொண்டது. இழந்துபோன கொள்ளையர் இராச்சியம் என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். இத்தகைய படைப்பை ஆவண நாடகம் என்பர். நடிகர்கள் வேடமிட்டுப் பேசி, வாளெடுத்துப் போர் செய்வார்கள். திடீரென்று காட்சி நின்று, நாற்காலியில் அமர்ந்த அறிஞர் ஒருவர் தோன்றி நடந்ததை விளக்குவார். அவர் மறைய மீண்டும் நடிகர் வருவார்.

இந்த வடிவம் நமக்குப் புதியதன்று. நமது கூத்திலே கட்டியகாரன் வந்து, இன்ன இராசன் கொலுவுக்கு வருகிறான் என்று அறிவித்துவிட்டுப் போவதில்லையா? ஆனாலும் ஒரு வேற்றுமை உண்டு. கட்டியகாரன் தானும் வேடக்காரன் என்பது களரியைச் சுற்றி இருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆவண நாடகத்துக் கட்டியகாரரோ பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார். அவர் வாயிலிருந்து புறப்படும் மெய், அடுத்த காட்சியில் நடிகன் பேசும் கற்பனைக்கும் முத்திரை குத்திவிடுகிறது. அறிஞர் பெரும்பாலும் நேர்மையாகவே பேசுகிறார். இப்படி நடந்திருக்கலாம், இன்னார் இவ்வாறு எழுதியிருக்கிறார் என்று அளந்துதான் சொல்கிறார். ஆனால் “இருக்கலாம்” என்பதை நடிகனால் நடித்துக் காட்ட முடியாது. அவன் நடித்துவிட்டால் அது நடந்தேவிட்டது.

சைவசித்தாந்தம் படிக்கும் வகுப்பிலே சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போது முதலில் எதைப் படிக்கிறோம்? பதியையா, பசுவையா? இல்லை, அளவையைப் படிக்கிறோம். காண்டல், கருதல், உரை என்று மூன்றையும் பிரித்துக்கொண்டு, எது எதனால் அறியப்படுகிறது என்று தெளிந்த பிறகே மேலே செல்கிறோம். கண்ட சாட்சி சொன்னது ஒன்று. கிடைத்த தடயத்திலிருந்து ஊகித்தது மற்றொன்று. ஒருவர் எழுதிவைத்ததை நம்பி ஏற்பது வேறொன்று. உரையை ஏற்பதானால் உரைத்தவர் ஆப்தர்தாமா என்று கேட்கவேண்டும். ஆவண நாடகம் இம்மூன்றையும் ஒரே பானையிற் போட்டுக் கிண்டித் தருகிறது. ருசி நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுவோம். கொள்ளையர் எங்கிருந்து முளைத்தனர் என்ற பெரிய கணக்கிலே இத்தொடரும் இதுபோன்றவையும் பழைய சினிமாக்களைவிடப் பன்மடங்கு மேலானவை. 1713 இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் ஓய்ந்தது. ஆங்கிலேயக் கடற்படையில் ஏறத்தாழ 50,000 பேராக இருந்த தொகை இரண்டொரு ஆண்டில் 14,000 க்கும் கீழே போயிற்று. வேலையிழந்த மாலுமிகள் துறைமுகங்களிலே பட்டினி கிடந்தனர். 1715 ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில், பொன்னும் வெள்ளியும் ஏற்றிவந்த ஸ்பானியக் கப்பற் கூட்டம் புளோரிடாக் கரையோரம் புயலிற் சிக்கிற்று. பன்னிரண்டில் பதினொன்று மாண்டன. அந்தச் செல்வத்தை மீட்கப் போனவர்களிடமிருந்தே பறிக்கப் போனவர்கள் பின்னர் நசோவிற் கூடினர். இவையெல்லாம் மெய். ஒற்றைக்கால் மாலுமியும், தோளிற் கிளியும், புதையல் வரைபடமும் 1883 இல் நூலாக வந்த புதையல் தீவு என்ற கதை நமக்குத் தந்த சரக்கு. பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவதும் பெரும்பாலும் கதைக்காரர் கைவேலையே. ஆவண நாடகக்காரர் இவற்றைப் பெரிதும் விலக்கிவிட்டனர். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

சிக்கல் ஆளுக்கு ஆள் வரும்போதுதான் தொடங்குகிறது. இத்தொடரிலே ஆன் பொனி என்னும் பெண் முக்கிய பாத்திரம். கதையின் பெரும்பகுதி நடப்பது 1715 முதல் 1718 வரை. அவளுடைய பெயர் அரசாங்க ஏட்டிலே தோன்றுவதோ 1720 இல். ஆகவே முன்னைய ஆண்டுகளில் அவள் பேசுகின்ற ஒவ்வொரு சொல்லும், கொள்கின்ற ஒவ்வொரு காதலும் எழுதியவரின் கொடை.

இங்கே எமது குற்றமொன்றை நாமே ஒப்புக்கொள்ளவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் மாதர் தினத்தன்று பேசியபோது, ஆன் பொனியும் மேரி றீட் என்பவளும் ஆண்வேடம் பூண்டு, எவருக்கும் தெரியாமல் கொள்ளைக் கப்பலில் வாழ்ந்த கதையை மிகுந்த சுவையோடு சொன்னோம். கைதட்டலும் கிடைத்தது. கதை அழகானது, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று நாம் அன்று பார்க்கவில்லை.

வந்த இடம் ஒரு புத்தகம். 1724 இல் இலண்டனிலே கப்டன் சாள்ஸ் யோன்சன் என்ற பெயரில் கொள்ளையர் சரித்திரமொன்று வெளியாயிற்று. கொள்ளையரைப் பற்றி இன்று உலகம் அறிந்ததிற் பாதி அந்த நூலிலிருந்து வந்ததே. ஆனால் சாள்ஸ் யோன்சன் என்பது புனைபெயர். றொபின்சன் குறூசோ எழுதிய டானியல் டீபோவே அவர் என்று 1932 இல் ஒருவர் வாதித்தார்; நூலகங்கள் பலவும் அதை நம்பின; 1988 இல் வேறு இருவர் அந்த வாதத்தை உடைத்தனர். நூலின் சில பகுதிகள் நீதிமன்ற ஏடுகளோடு நன்கு பொருந்துகின்றன. 1728 இல் வந்த இரண்டாம் பாகத்திலோ, மடகஸ்காரில் விடுதலை நாடு கண்ட கப்டன் மிசன் என்று, உலகத்திலேயே இல்லாத ஒருவனின் வரலாறு விரிவாக இடம்பெற்றிருக்கிறது! உரைத்தவர் ஆப்தரா என்பதற்கு இவ்வளவே போதும்.

இப்போது மற்ற ஏட்டைப் பார்ப்போம். 1720 நவம்பர் 28 ஆந் திகதி யமேக்காவிலே ஆன் பொனியும் மேரி றீட்டும் விசாரிக்கப்பட்டனர். அவ்விசாரணை 1721 இல் யமேக்காவிலேயே அச்சாயிற்று. டொறத்தி தோமஸ் என்ற பெண் சாட்சி சொன்னாள். வள்ளத்திலே பொருளேற்றிப் போனபோது கொள்ளையர் அவளைப் பிடித்தனர். அவ்விரு பெண்களும் ஆண்களின் மேற்சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, தலையிற் கைக்குட்டை கட்டி, கையிற் கத்தியும் கைத்துப்பாக்கியும் ஏந்தி நின்றனர். பின்னர் சாட்சி சொல்லாதபடி இவளைக் கொன்றுவிடுங்கள் என்று ஆண்களை ஏவினர். அவர்கள் பெண்கள் என்பதை உடலமைப்பாலேயே தான் அறிந்ததாகவும் அவள் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் இருவரும் சாட்சி சொன்னார்கள். கப்பலொன்றைத் துரத்தும்போதும் சண்டையிலும் ஆண் உடை. மற்ற வேளைகளிற் பெண் உடை என்பது அவர்களுடைய வாக்குமூலம். இதற்கெல்லாம் முன்பே, 1720 செப்டெம்பர் 5 இல் நசோவின் தேசாதிபதி வூட்ஸ் றொஜர்ஸ் வெளியிட்ட பிரகடனத்தில், யோன் றக்கம் கூட்டத்தாரோடு இவ்விரு பெண்களின் பெயரும் பெண் பெயராகவே காணப்படுகிறது. எவருக்கும் தெரியாத இரகசியத்தைத் தேசாதிபதி அறிந்து பிரகடனமும் போட்டிருக்கிறார்!

றக்கம் நசோத் துறையிற் சிறு கப்பலைத் திருடியது ஆகஸ்ட் 22. அகப்பட்டது ஒக்டோபரில். உலகப் புகழ்பெற்ற இக்கொள்ளை வாழ்வு ஏறத்தாழ இரண்டு மாதம். அவர்கள் கைப்பற்றியவற்றுட் பெரும்பாலானவை ஏழைகளின் மீன்பிடி வள்ளங்களும் சிறு வணிகக் கப்பல்களும். றக்கம் நவம்பர் 18 இல் தூக்கிலிடப்பட்டான். சிறையில் அவனைக் கண்டு ஆன் பொனி சொன்னாளாம் என்று உலகம் மகிழ்ந்து சொல்லும் கடுஞ்சொல், யோன்சன் புத்தகத்தைத் தவிர எங்கும் இல்லை. பெண்கள் இருவரும் தாம் கருவுற்றிருப்பதாகச் சொன்னதால் தண்டனை நிறுத்தப்பட்டது. மேரி றீட் 1721 ஏப்ரலிலே மாண்டு அங்கேயே அடக்கமானாள்.

நாம் சொன்ன கதையில் டொறத்தி தோமஸ் இருக்கவில்லை. வள்ளத்திற் சரக்கேற்றிப் பிழைத்த ஏழைப் பெண்ணொருத்தி, தன்னைக் கொல்லச் சொன்னவர்களின் முன்னே நின்று துணிந்து சாட்சி சொன்னாளே, அவளை விட்டுவிட்டு, கொல்லச் சொன்னவர்களுக்கு மாதர் தினத்தில் மாலை சூட்டினோம்.

கருந்தாடி என்று பெயர் பெற்ற எட்வேட் தீச்சுக்கு வருவோம். திரையில் அவன் பெரும்பாலும் ஒரு மல்லன். தொப்பியின் கீழே புகையுந் திரிகளைச் செருகிக்கொண்டு பிசாசுபோல வருவான். திரி யோன்சன் தந்தது. 1717 டிசெம்பரில் அவனிடம் அகப்பட்ட ஹென்றி பொஸ்ரொக் என்ற கப்பற்றலைவனின் வாக்குமூலத்தில், நெட்டையான மெலிந்த மனிதன், மிக நீண்ட கரிய தாடி என்று மட்டுமே இருக்கிறது. 1718 நவம்பர் 22 இல் ஒக்ரகோக் தீவருகே லெப்டினன்ற் மேனாட்டின் ஆட்களோடு பொருது மடியும் வரை அவன் எவரையும் கொன்றதற்கு அக்கால ஆதாரம் இல்லை என்று ஆராய்ந்தோர் கூறுவர். இதைக் கேட்டு, அப்படியானால் அவன் நல்லவன்தானே என்று தாவிவிடக் கூடாது. விடுதலை வீரனாக்கிவிடும் புதுப் பழக்கமும் இப்போது இருக்கிறது.

அவனுடைய பெரிய கப்பல் முன்னர் லா கொங்கோட் என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலாக இருந்தது. ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் 516 பேரை ஏற்றிப் புறப்பட்டது. வழியில் 61 பேர் இறந்தனர். 1717 நவம்பரில் மாட்டினிக் தீவை நெருங்கும் வேளை கருந்தாடி அதைப் பிடித்தான். ஆபிரிக்கரில் ஒரு பகுதியினர் கொள்ளையரோடு போயினர்; விரும்பிப் போயினரா, இழுத்துச் செல்லப்பட்டனரா என்று அவர்களை எவரும் கேட்டு எழுதவில்லை. ஏனையோர் பெக்குவே என்னும் தீவில் பிரெஞ்சு மாலுமிகளோடு இறக்கிவிடப்பட்டனர். பிரெஞ்சுக்காரருக்குப் பிரயாணத்துக்கென்று ஒரு சிறு கப்பலையும் கொடுத்தான். அவர்கள் அதற்குக் கெட்ட சந்திப்பு என்று பெயரிட்டு, இரண்டு முறை ஓட்டி, அத்தனை பேரையும் மாட்டினிக்குக்குக் கொண்டுபோய் விற்றனர். கறுப்பரும் நிகர் என்று நம் தம்பி சொன்ன குடியரசு இது. கொள்ளையர் கூட்டத்திலே கறுப்பர் சிலர் ஆயுதம் தாங்கிப் பங்குபெற்றதும் உண்மை. பெக்குவேயில் நின்றவர்களும் உண்மை. நடிகனுக்கு வசனம் எழுதுபவர் முன்னதை எடுத்துக்கொள்வார். பின்னவர்களில் ஒருவருடைய பெயர்கூட எழுதப்படவில்லை. பெயரில்லாதவரைப் பாத்திரமாக்குவது எளிதன்று.

ஒரு சிறு விஷயம். தலைப்புக்கு வேண்டியதன்று, சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. அந்தக் கப்பலின் சிதைவு 1996 இல் வட கரோலினாக் கரையருகே அகப்பட்டது. அதன் பீரங்கியொன்றின் அறைக்குள்ளே அடைந்து கிடந்த துணிச்சேற்றிலிருந்து பதினாறு காகிதத் துணுக்குகளை எடுத்தார்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தபோது, எட்வேட் கூக் என்பவர் 1712 இல் அச்சிட்ட கடற்பயண நூலின் துண்டுகள் அவை என்று 2018 இல் அறிவித்தார்கள். அது எந்தப் பயணம்? பின்னர் கொள்ளையரை ஒடுக்க நசோவுக்குத் தேசாதிபதியாக வந்தாரே, அதே வூட்ஸ் றொஜர்ஸ் தலைமையிற் சென்ற உலகப் பயணம். நாடகாசிரியர் ஒருவர் இதைக் கற்பித்து எழுதியிருந்தால், மிகை என்று நாமே அடித்திருப்போம்.

நசோ கொள்ளையரை அறிந்தது 1715 இல் அன்று. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1696 இல், ஹென்றி எவரி என்பவன் அங்கே வந்து, நிக்கலஸ் துறொற் என்ற தேசாதிபதிக்குப் பணமும் யானைத் தந்தமும் கப்பலையுமே கொடுத்துப் புகலிடம் வாங்கினான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சூரத்திலிருந்து மக்காவுக்கு யாத்திரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து. 1695 செப்டெம்பரில் ஔரங்கசீப் சக்கரவர்த்திக்குரிய கஞ்ச்-இ-சவாய் என்னும் கப்பலை எவரி பிடித்தான். கதிர்காம யாத்திரை முடித்து வீடு திரும்புவோரைக் காட்டுவழியில் மறிப்பதாக எண்ணிப் பார்த்தால் அதன் கொடுமை நமக்கு விளங்கும்.

எவரியின் கதையை 1709 இல் இலண்டனில் ஒரு துண்டு நூலாக அச்சிட்டார்கள். 1712 இல் அங்கே பேர்பெற்ற நாடக மண்டபத்தில் நாடகமாகவே ஆடினார்கள். கப்பலில் அழகிய மொகலாய இளவரசி இருந்தாள், எவரி அவளை மணந்து மடகஸ்காரில் அரசாண்டான் என்பது கதை. சம்பவம் நடந்து ஏறத்தாழ பதினேழு ஆண்டே ஆகியிருந்தது. ஆவண நாடகத்தின் நோய் தொலைக்காட்சியோடு பிறந்ததென்று குறைகூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏட்டில் என்ன இருக்கிறது? பம்பாயிலிருந்த ஆங்கிலக் கம்பனியின் தலைவர் சேர் யோன் கேயர், சம்பவம் நடந்த அடுத்த மாதமே எழுதிய கடிதம் இருக்கிறது. கொள்ளையரின் நாட்டவர் அவர். பழியைக் குறைத்துச் சொன்னாலும் கூட்டிச் சொல்ல அவருக்கு யாதொரு முகாந்தரமும் இல்லை. பணம் எங்கே என்று சொல்லுமாறு யாத்திரிகரை வதைத்தனர் என்று அவர் எழுதுகிறார். பிரபு ஒருவரின் மனைவி, சக்கரவர்த்திக்கு உறவினர் என்று கேள்வி, யாத்திரை முடித்துத் திரும்பியவர், அவமானப்படுத்தப்பட்டார். வேறு பெண்கள் பலர் மானபங்கம் செய்யப்பட்டனர். அதற்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு என்கிறார். காஃபி கான் என்ற மொகலாய வரலாற்றாசிரியரும் பெண்கள் கடலிற் குதித்ததை எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்திலே அரச உறவினரான அந்த அம்மையாரைப் பற்றி இன்னொரு விபரமும் இருக்கிறது. அவர் வயது முதிர்ந்தவர். கதைக்காரர் இளவரசியாக்கி மணம் செய்துவைத்தது இவரைத்தானோ என்று எண்ணும்போது எமக்கு உடல் நடுங்கிற்று.

1696 ஒக்டோபரில் எவரியின் ஆட்கள் ஆறு பேர் இலண்டனில் விசாரிக்கப்பட்டனர். இந்தியக் கப்பலைக் கொள்ளையிட்ட முதல் வழக்கில் ஜூரிமார் அவர்களைக் குற்றவாளிகள் அல்லர் என்று விடுவித்தனர். அரசாங்கம் பதறிப்போய், ஆங்கிலக் கப்பலைத் திருடினர் என்று மறுவழக்குத் தொடுத்தது; அதிற் குற்றவாளிகள் ஆயினர்! நவம்பர் 25 இல் ஐவர் தூக்கிலேறினர். அவர்களுள் யோன் ஸ்பாக்ஸ் என்பவன், தான் சாவது திருடிய கப்பலுக்காகவே என்றாலும், இந்தியருக்கும் அவர்தம் பெண்களுக்கும் செய்த கொடுமைக்கு இது தகும் என்ற கருத்துப்படத் தன் இறுதி வாக்குமூலத்திற் சொன்னான். ஜூரிமார் காணாததை அவன் கண்டான். எந்த நாடகாசிரியனும் இந்தக் காட்சிக்கு மேலே ஒரு காட்சி கற்பிக்க முடியுமென்று நாம் நினைக்கவில்லை.

தம்பியின் கேள்விக்கு வருவோம். பேராசிரியர்கள் நடிகர்கள் அல்லர், தம்பி. ஆனால் அவர்கள் பேசியதில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற கத்தரிக்கோல் அவர்கள் கையில் இல்லை. ஆகவே அவர்கள் பேசும்போது காதைத் தீட்டுங்கள். நடிகன் பேசும்போது கண்ணால் மாத்திரம் பாருங்கள். ஏதாவது ஒரு காட்சி உங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தால், அது யோன்சனா, நீதிமன்றமா, கடலடியிற் கிடைத்ததா என்று அந்த ஒன்றையாவது தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் தேட எவராலும் இயலாது, எம்மாலும் இயலவில்லை.

அந்தத் தம்பிதான் இவ்வாண்டு விழாவுக்குச் சரித்திர நாடகம் எழுதுகிறார் என்பது உங்களிற் பலருக்குத் தெரியாது. சென்ற வாரம் பிரதியை எம்மிடம் கொண்டுவந்தார். ஏட்டில் ஆதாரம் உள்ள இடத்தைக் கறுப்பு மையாலும் தாம் கற்பித்த இடத்தைச் சிவப்பு மையாலும் கோடிட்டிருந்தார். முக்காற் பங்கு சிவப்பு. முகம் வாடியிருந்தது. “ஐயா, இதைக் கிழித்துப் போடவா?” என்று கேட்டார். கிழிக்க வேண்டாம், நாடகம் அப்படியே இருக்கட்டும் என்றோம். திரை எழுவதற்கு முன் கட்டியகாரன் வந்து, எந்தக் காட்சி ஏட்டில் உள்ளது, எது எம் ஆசிரியர் கற்பனை என்று சபைக்குச் சொல்லிவிடட்டும் என்று ஏற்பாடு. அதற்கான விருத்தத்தைத் தம்பி எழுதிவிட்டார். எந்த இராகத்திற் பாடுவது என்பதை அண்ணாவியார் ஞாயிற்றுக்கிழமை வந்து தீர்மானிப்பார்.